வெறும் பாத்திரம்

2018 நவம்பர் 16 அன்று விடிந்தபோது எங்கள் ஊரில் வானம் பெரிதாகியிருந்தது. தென்னந்தோப்புக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வானம் என்பது மட்டைகளுக்கு நடுவே தெரியும் துண்டுகள்தான். அன்றைக்கு முழு வானத்தையும் பார்த்தோம். பார்க்கக் கூச்சமாக இருந்தது. நள்ளிரவில் தொடங்கிய காற்று விடியும்வரை ஓயவில்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் முழுவதையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஐப்பசியின் கடைசி நாள் அது. மறுநாள் கார்த்திகை பிறந்தது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை.

அந்த நாட்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. விழுந்த மரங்களை எண்ணியாகிவிட்டது, நிவாரணத் தொகையைப் பற்றி வாதிட்டாகிவிட்டது. நான் எழுத நினைப்பது நான்காம் நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த ஒரு தூக்குவாளியைப் பற்றி. இத்தனை வருடமாக அது என்னை விடவில்லை.

மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டதால் மோட்டார் ஓடவில்லை. ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் கிடந்தும் எங்களுக்கு எட்டவில்லை. விழுந்த மரங்களில் இளநீர் இருந்தது. முதல் மூன்று நாளும் அதைத்தான் குடித்தோம். ஓட்டு வீடு. ஓடுகள் முக்கால்வாசி போய்விட்டன. அரிசி மூட்டை நனைந்து புளித்துவிட்டது, உப்பு கரைந்து தரையோடு போய்விட்டது. மூன்றாம் நாள் மாலை மேற்கேயிருந்து ஒரு லாரி வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். யாரும் கூப்பிடாமல், தாங்களே பணம் திரட்டிச் சாதப் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலும் மெழுகுவர்த்தியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பாதிச் சரக்கை மக்கள் மறித்து இறக்கிக்கொண்டார்களாம். மீதியை உள்ளே இருக்கும் ஊர்களுக்காவது சேர்ப்போம் என்று விழுந்த மரங்களை அறுத்து வழி செய்துகொண்டு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் கைகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. ரம்பம் பிடித்துப் பழகாத கைகள், கொப்புளம் கட்டியிருந்தன.

அப்பா வெளியே வரவில்லை. "நம்மளவிட இல்லாதவங்களுக்குக் குடுக்கச் சொல்லு" என்றார். கேட்பதற்கு நல்ல வார்த்தை. ஆனால் இரண்டு நாளாக அவர் இளநீரைத் தவிர எதுவும் உட்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும். ஊரில் அவர் வயதொத்தவர்கள் பலரும் அன்று வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். லாரியைச் சுற்றி நின்றவர்கள் பெண்களும் பிள்ளைகளும்தான். வரிசையில் நிற்பது எப்படி என்று அந்த ஆண்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் வாழ்நாள் முழுவதும் வரிசையின் மறுமுனையில் நின்றவர்கள்.

நான்காம் நாள் காலையில் காலனியிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர். அவருடைய வீடு அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. சுவரெல்லாம் வெடித்து, மழைக்கு ஒழுகும் வீடுதான். ஆனால் கூரை கான்கிரீட் என்பதால் காற்றுக்கு நின்றுவிட்டது. அதனால் அடுப்பும் தப்பித்தது, பரணில் இருந்த ரேஷன் அரிசியும் தப்பித்தது. தூக்குவாளி நிறையக் கஞ்சி, மூடியின் மேல் வாழைச்சருகில் பொதிந்த சுட்ட கருவாடு. "பெரியவரு ஒண்ணும் சாப்புடலயாமே" என்று திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தத் தெருவில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. காரணத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை, சாதிதான். அவரை நாங்கள் எல்லோரும், அவருடைய பேரன் வயதுள்ள நான் உட்பட, பேர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தோம். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

அம்மா கஞ்சியை எங்கள் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டாள். தூக்குவாளியை இளநீர் விட்டே கழுவினாள். பிறகு அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளும் கொல்லைப்புறமும் நடந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். பக்கத்து வீட்டுக் குழம்புக் கிண்ணம் திரும்பும்போது அதில் நாலு மிளகாயாவது, ஒரு துண்டு வெல்லமாவது, எதுவுமில்லையென்றால் ஒரு பிடி அரிசியாவது இருக்க வேண்டும். அன்றைக்கு வீட்டில் எதுவுமே இல்லை. கடைசியில் விழுந்து கிடந்த காய்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, "இரு, ஒரு தேங்காயாச்சும் கொண்டுபோ" என்றாள்.

"இருக்கட்டும் ஆயி" என்றார் அவர். "பாத்தரத்தச் சும்மா குடுங்க. இன்னிக்கி ஒருநா சும்மா குடுங்க."

அம்மா கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது அவள் கை நடுங்கியது, பசியாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியாது. அப்பா கஞ்சியைக் குடித்தார். கருவாட்டைத் தொடாமல் அம்மாவுக்கு வைத்தார்.

*

எங்கள் ஊர் புது ஆற்றின் கடைமடை. கல்லணைக் கால்வாயை இங்கே யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்த ஆறு என்பதால் இன்னும் அது புது ஆறுதான். அந்தத் தண்ணீர் வந்த பிறகுதான் இந்த வறண்ட மேட்டு நிலம் நெல்லைப் பார்த்தது. பிறகு தண்ணீர் குறையக் குறைய, போர் போட்டுத் தென்னைக்கு மாறினோம். நான் சிறுவனாக இருந்தபோது இரண்டும் இருந்தன. ஆறேழு மா நெல்லும் மீதி தோப்புமாக.

தை மாதம் களத்தில் நெல் தூற்றிப் பொலி கட்டுவார்கள். அப்பாதான் அளப்பார். மரக்காலின் முதல் அளவை 'ஒன்று' என்று சொல்லக் கூடாது, 'லாபம்' என்றுதான் எண்ணிக்கை தொடங்கும். லாபம், ரெண்டு, மூணு... பன்னிரண்டு மரக்கால் ஆனதும் ஒரு கலம், ஒரு கோடு. வீட்டுக்குப் போகும் நெல்லை அளப்பதற்கு முன்பே வெளியே போகவேண்டிய நெல் போய்விடும். முதலில் சாமிக்கு. பிறகு கலப்பை செய்த தச்சருக்கு, கொழு அடித்த கொல்லருக்கு, துணி வெளுத்தவருக்கு, முடி திருத்தியவருக்கு, இரவெல்லாம் மடைக்குக் காவல் இருந்து தண்ணீர் பாய்ச்சியவருக்கு, வெட்டியானுக்கு. அறுத்தவர்களுக்குக் கூலி நெல். அதற்கும் பிறகு, எந்த உரிமையும் சொல்லாமல் வந்து களத்தோரம் நிற்பவர்கள். புருஷன் செத்துப்போன பெண்கள், கண் தெரியாதவர், பூம்பூம் மாட்டுக்காரர். அவர்களுக்கும் ஆளுக்கொரு படியாவது உண்டு. எல்லாம் முடிந்த பின் மண்ணோடு கிடக்கும் நெல், களத்தைக் கூட்டியவர்களுக்கு. வயலில் உதிர்ந்த கதிர், மடியில் பொறுக்கிக்கொண்டு போகும் கிழவிகளுக்கும் பிள்ளைகளுக்கும். அறுப்பு முடிந்த வயலில் கதிர் பொறுக்க வந்தவரை விரட்டினால் அடுத்த வெள்ளாமை விளங்காது என்று பாட்டி சொல்வாள்.

இந்தப் பங்குக்கு ஒரு பழைய பெயர் உண்டு. மேரை என்பார்கள். இன்னொரு பெயர் சுதந்திரம். ஆம், இதே சொல்தான். ஊருக்கு உழைத்தவர் களத்தில் பெறும் பங்கு அவருடைய சுதந்திரம். யாரும் இரங்கிக் கொடுப்பதல்ல, அவருக்கு உரியது. 1767 தொடங்கி 1774 வரை செங்கல்பட்டுப் பகுதியின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களில் கும்பினிக்காரர்கள் நடத்திய கணக்கெடுப்பில், எந்த ஊரில் எவருக்கு விளைச்சலில் எவ்வளவு பங்கு என்று பதிவாகியிருக்கிறது. ஆய்வாளர் தரம்பால் அந்த ஆவணங்களை மீட்டு நம் முன் வைத்தார். விளைச்சல் அரசுக்கும் உழவருக்கும் போவதற்கு முன்பே பள்ளிக்கும் கோயிலுக்கும் நாட்டியக்காரிக்கும் வைத்தியருக்கும் காவலருக்கும் பிரிந்து போனதை அதில் பார்க்கலாம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன் இந்த மண்ணில் பசிக்கு ஒரு ஏற்பாடு இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் கணக்கில் மரக்காலின் எண்ணிக்கை இருக்குமே தவிர, மரக்காலின் உயரம் இருக்காது. நான் பார்த்திருக்கிறேன். தச்சருக்கு அளக்கும்போது அப்பா மரக்காலை அவருடைய சாக்கின் வாயில் வைத்துக் கவிழ்ப்பார். காலனிக்காரர்களுக்கு அளக்கும்போது அவர்கள் விரித்துப் பிடித்த துணிக்கு ஒரு முழம் மேலே நின்று மரக்கால் கவிழும். நெல் காற்றில் இறங்கும். அளவு ஒன்றுதான், ஒரு மணி குறையாது. அப்பா நேர்மையானவர், தலை வழித்து அளந்ததே இல்லை, எல்லோருக்கும் குவித்துத்தான். ஆனாலும் அந்த ஒரு முழம். நெல் விழும் சத்தம்கூட வேறாக இருக்கும். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் இந்தக் கஞ்சி கொண்டுவந்தவரும் ஒருவர்.

கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்வரை அந்த ஏற்பாடு அமைதியாக இருந்தது. கேட்டபோதுதான் அதன் முகம் மாறியது. கீழவெண்மணி எங்கள் ஊரிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. அங்கே வயலில் உழைத்தவர்கள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள், சங்கமாகச் சேர்ந்து கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி என்பது களத்தோரம் நிற்கும் கிழவிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அதே அரைப்படியைத் தானமாகக் கொடுத்திருந்தால் யாருக்கும் கை வலித்திருக்காது. உரிமை என்று கேட்டதுதான் பொறுக்கவில்லை. இதை எழுதாமல் நம் ஊர்களின் ஈகையைப் பற்றி எழுதுவது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. களத்தில் கொடுத்த கை நிஜம், அந்த இரவும் நிஜம்.

இப்போது களமே இல்லை. அறுவடை இயந்திரம் வாடகைக்கு வருகிறது, மணிக்கு இவ்வளவு என்று. மதியம் வயலில் இறங்கினால் இருட்டுவதற்குள் மூன்று ஏக்கரை அறுத்து அடித்து, டிராக்டர் பெட்டியில் நெல்லாகக் கொட்டிவிடுகிறது. அங்கிருந்து நேராகக் கொள்முதல் நிலையம். ஈரப்பதம் பார்த்து, தூற்றி, நாற்பது கிலோ சாக்கில் பிடித்து, பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். நெல் வீட்டு வாசலை மிதிப்பதே இல்லை. பத்தாயத்தைப் பிரித்து அலமாரி செய்துவிட்டோம். டெல்டா விவசாயியின் மனைவி கடையில் அரிசி வாங்குகிறாள். இயந்திரத்தின் பின்னால் கதிர் பொறுக்க முடியாது. அது விட்டுப்போவது சகதியில் அழுந்திய மணிகளைத்தான்; கொக்கும் மைனாவும் பொறுக்கிக்கொள்கின்றன.

இதை நினைத்து வருந்துகிற கட்டுரைகளைப் படித்திருக்கிறேன், நானே ஒன்று எழுதியிருக்கிறேன். தூக்குவாளி வந்த பிறகு அந்த வருத்தத்தை என்னால் முழுதாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கஞ்சி எந்த அரிசியில் காய்ச்சியது? 2011 முதல் ரேஷன் கடையில் விலையில்லாமல் தருகிற அரிசி. அதற்கு முன் கிலோ ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் தந்த அரிசி. நிறம் மங்கல், சில மாதம் வாடை அடிக்கும், எடையில் குறைவதாகச் சண்டையும் உண்டு. ஆனால் அதை யாரும் ஒரு முழம் மேலேயிருந்து கவிழ்ப்பதில்லை. குடும்ப அட்டையை நீட்டுகிறார், தராசுத் தட்டிலிருந்து பைக்குப் போகிறது. அப்பாவுக்கு ஒன்றும் அவருக்கு ஒன்றும் என்று இரண்டு தராசு அங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேலை இல்லாமல், அறுப்பில் கழித்துக்கொள்ளச் சொல்லி எங்கள் வீட்டுக் கொல்லையில் கலயத்தோடு நின்றவர், அந்த அரிசி வந்த பிறகு அந்த மாதங்களில் வருவதை நிறுத்திவிட்டார். பாட்டிக்கு அது குறையாக இருந்தது. "முன்னெல்லாம் வருவா, இப்ப ஆளையே காணும்" என்பாள்.

எங்கள் நெல்லில் காய்ச்சிய கஞ்சியாக இருந்திருந்தால் அதை எங்களுக்கு எடுத்துவர அவருக்கு மனம் துணிந்திருக்காது. எங்களிடமிருந்து வந்தது எங்களிடமே திரும்புவதாகத்தான் ஆகியிருக்கும். தனக்கென்று ஒரு பிடி, யாருடைய கையும் படாத ஒரு பிடி இருந்தபோதுதான் அவரால் கொடுக்க முடிந்தது. இல்லாதவருக்குச் சோறு கிடைக்கச் செய்வதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கொடுக்கும் நிலையை அவர் கையில் வைப்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

*

எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரிய இன்னொரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். மொய்விருந்து. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி சுற்றுவட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் பந்தல் பந்தலாக நடக்கும். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. பணம் தேவைப்படுகிறவர் ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போடுகிறார். சாப்பிட்டுவிட்டு எழுகிறவர்கள் மொய் எழுதுகிறார்கள். செலவு குறைய நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. வந்த பணத்தில் போர் ஆழப்படுத்துவார்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பார்கள், கடன் அடைப்பார்கள். பிறகு சில வருடங்களில், கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதுநடையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் இதை வட்டிக்கடை என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. வங்கி மேலாளர் முன் நின்று ஜாமீன் தேடிய ஒருவருக்குத்தான் தெரியும், சொந்த ஊர்க்காரர்கள் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து வைப்பதன் அருமை. இதில் வாங்குகிறவர் தலை குனிவதே இல்லை. சோறு போட்டுவிட்டுத்தான் வாங்குகிறார். முதலில் கொடுக்கிறார், பிறகு வாங்குகிறார். பணத்துக்குத் தவிக்கும் மனிதனை விருந்து வைப்பவனாக நிறுத்தி வைத்த அந்தப் புத்தி யாருடையதோ, அவருக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அப்பா மூன்று முறை மொய்விருந்து வைத்திருக்கிறார். கூசாமல் வாங்கியிருக்கிறார். அதே மனிதர் லாரியின் முன் போய் நிற்க முடியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். நோட்டில் எழுத முடிந்ததை அவரால் வாங்க முடிந்தது. கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்கு அவர் எங்கே போய்த் திருப்பிச் செய்வார்? அவர்கள் பெயர்கூடத் தெரியாது.

கஜாவுக்குப் பிறகு ஒருநாள் எங்கள் பழைய மொய் நோட்டுகளைப் புரட்டினேன். ரெட்டைக்கோடு போட்ட நீள நோட்டு, மஞ்சள் தடவிய மூலை. ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை. காலனிக்காரர்களின் பெயர்கள் கடைசிப் பக்கங்களில் தனியாக இருந்தன. ஐம்பது, இருபது, ஒன்றில் பத்து. அவர் பெயரும் இருந்தது. அவர்கள் சாப்பிட்ட பந்தி எது என்று எனக்கு நினைவிருக்கிறது. கடைசிப் பந்தி, கொல்லைப்புறம். அந்த மொய்யை நாங்கள் எப்போது திருப்பிச் செய்தோம் என்று தேடினேன். அவர்கள் யாரும் விருந்து வைக்கவில்லை. அதனால் எதிரே கழித்த குறி எதுவும் இல்லை. இருபது வருடமாக அந்தப் பணம் எங்களிடம் நிற்கிறது. நாங்கள் எப்போதும் அவர்களுக்குக் கொடுக்கிறவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வரும். மதுரையில் கலைமகள் கோயிலில் இரந்துண்டு வாழ்ந்தவன். ஒரு நள்ளிரவில் பசித்து வந்தவர்களுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லையே என்று கலங்கியபோது, அக்கோயிலின் தெய்வமான சிந்தாதேவி அவன் கையில் அமுதசுரபியைக் கொடுக்கிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். ஊர் முழுக்க அவனிடம் உண்கிறது. பிறகு இந்திரனோடு பிணக்கு. இந்திரன் அவனைத் தண்டித்த விதத்தைத்தான் நான் மறுபடி மறுபடி நினைக்கிறேன். பாத்திரத்தைப் பறிக்கவில்லை, உடைக்கவில்லை. நாட்டில் நல்ல மழையைப் பெய்வித்தான். விளைந்தது, பசி நின்றது. யாரும் அவனிடம் வரவில்லை. பாத்திரத்தை ஏந்திக்கொண்டு, உண்பவர் உண்டோ என்று தேடி அலைகிறான் ஆபுத்திரன். சாவக நாட்டில் மழையில்லை என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். நடுவில் மணிபல்லவத் தீவில் இறங்கியபோது கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. வற்றாத பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தான் மட்டும் உண்டு உயிர் வாழ மனமில்லாமல் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் விடுகிறான்.

பாட்டியின் குறை எனக்கு அப்போதுதான் விளங்கியது. "இப்ப ஆளையே காணும்" என்று அவள் சொன்னதில் ஆபுத்திரனின் தவிப்பும் கொஞ்சம் இருந்தது, அதிகாரம் போன வருத்தமும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. பின்னாளில் மணிமேகலையின் கைக்கு வந்தபோது அந்தப் பாத்திரம் உடனே சுரக்கவில்லை. ஆதிரை என்னும் பெண்ணிடம் போய் முதல் பிச்சை வாங்க வேண்டும், அவள் இட்ட பிறகுதான் சுரக்கும். உலகத்துக்கே சோறு போடப்போகிற பாத்திரம், முதலில் ஒரு வீட்டு வாசலில் வெறுமையாக நிற்க வேண்டியிருக்கிறது. காப்பியத்தை எழுதிய சாத்தனார் இதை ஏன் வைத்தார் என்பதற்கு உரைகாரர்கள் ஆதிரையின் கற்பைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட அந்தப் பாத்திரத்தின் நிலைதான் பெரிதாகத் தெரிகிறது.

1867இல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியபோது நிலம் பார்வதிபுரத்துக் குடியானவர்கள் கொடுத்தது, எண்பது காணி. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து சேர்ப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். நான் அங்கே போனபோது ஒரு விவசாயி இரண்டு மூட்டையை இறக்கிவிட்டு, கை கழுவிவிட்டு, வரிசையில் போய் உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு பிச்சைக்காரர், அந்தப் பக்கம் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். எல்லோருக்கும் ஒரே கரண்டி. தன் அரிசியைத் தானே வரிசையில் உட்கார்ந்து வாங்கி உண்டார் அவர். அப்பாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தேன். நடக்கவில்லை.

*

புயலுக்குப் பின் ஊர் மாறிவிட்டது என்று சொல்ல ஆசைதான். மாறவில்லை. மார்கழி வாக்கில் மின்சாரம் வந்தது, மோட்டார் ஓடியது, ஓடு மாற்றினோம். அம்மா அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அவர் திண்ணைக்குக் கீழேதான் நின்றார். ஒன்றே ஒன்று. அவர் வீட்டுக்கு எதையாவது கொடுத்தனுப்பும்போது அம்மா முன்பு மாதிரி பழைய சருவத்தில் போட்டுக் கொடுப்பதில்லை. நல்ல பாத்திரத்தில் கொடுத்துவிட்டு, "பாத்திரத்த மெதுவாக் குடு" என்பாள். பாத்திரம் திரும்பும்போது உள்ளே எப்போதாவது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை இருக்கும். அம்மா அதை ஆய்ந்து சமைத்தாள். அப்பா சாப்பிட்டார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. சந்தை இல்லை, லாரி இல்லை. தென்னை விழுந்த இடத்தில் போட்டிருந்த கத்தரியும் பூசணியும் பறிப்பாரில்லாமல் முற்றின. ஊரில் பலருக்கும் அதே கதி. எங்கள் தெருவும் காலனியும் பிரியும் இடத்தில் வாய்க்கால் மதகு ஒன்று உண்டு, மேலே உட்காரும் உயரத்துக்குக் கட்டை. யார் தொடங்கியது என்று தெரியாது. ஒருநாள் காலையில் அந்தக் கட்டையில் கொஞ்சம் தேங்காய் இருந்தது. மறுநாள் யாரோ கத்தரிக்காயைச் சாக்கோடு வைத்திருந்தார்கள். நாங்கள் பூசணி வைத்தோம். இருட்டின பிறகு வைப்போம், விடிவதற்குள் போய்விடும். எங்கள் தெருவிலிருந்து எடுத்தவர்களும் உண்டு என்று எனக்குத் தெரியும். வண்டி ஓட்டிப் பிழைத்தவர், திருப்பூரிலிருந்து வேலை இழந்து திரும்பிய பையன்கள். பகலில் யாரும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். கண்டும் காணாமல் போவது ஒரு மரியாதை என்று ஊரே கற்றுக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். எதிர்வீட்டுச் சித்தப்பா வந்து அப்பாவிடம் சொன்னார். "ஒரே ஆளே பூராத்தையும் அள்ளிட்டுப் போறான்ணே. காவல் போட்டுத்தான் ஆவணும். நம்ம கையால ஆளுக்கு இவ்ளோன்னு பிரிச்சுக் குடுத்தா ஒழுங்கா இருக்கும்."

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மரக்கால் பிடித்த அந்தக் கை முழங்கால் மேல் கிடந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வேணாம்டா. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "இன்னிக்கி என்ன வைக்கப் போற?" என்று அம்மாவிடம் கேட்டார்.